பழைய கலிபோர்னியா வைன்கள் (சிரா, மூர்வேத்ரு, ரூசான்): கானாடுகாத்தானில் திறக்கப் போகிறோம், யோசனை வேண்டும்

வளவுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தை கடைசியில் எங்கள் பெரியப்பாவுக்கு அறுபதாம் சாந்தி, கானாடுகாத்தான் வீட்டில். சாந்தி அன்று வீட்டில் சைவம்தான், எதுவும் கிடையாது. மறுநாள் சாயங்காலம் பங்காளிகள், மச்சினன்மார் என்று ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கொஞ்சம் நல்ல வைன் சுவைத்துப் பார்க்கலாம் என்று திட்டம்.

சான் ஹோசேயில் இருக்கும் அண்ணன் வருஷக்கணக்கில் குளிர்பெட்டியில் வைத்திருந்த புட்டிகள் இவை. ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் சுங்கத் தீர்வை இல்லாமல் விடுவார்கள் என்பதால் அவர், அண்ணி, பையன் மூவருமாகப் பங்கிட்டுக் கொண்டுவந்தார்கள். எல்லாமே பிரான்சின் ரோன் பள்ளத்தாக்குத் திராட்சை வகைகள், ஆனால் கலிபோர்னியாவில் விளைந்தவை:

டாப்லாஸ் கிரீக் எஸ்ப்ரி த போகாஸ்டல் 2006, சிவப்பு. அதே பண்ணையின் வெள்ளை எஸ்ப்ரி 2007. க்யூப்பே, பியன் நசீதோ தோட்டத்து சிரா 2008. போனி டூன் லெ சிகார் வோலான் 2007, இது திருகு மூடி. அப்புறம் வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சையில் செய்தது ஒன்று, 2012.

இப்போது இரண்டாங்கட்டு உள் அறையில் இருக்கின்றன. சுவர் இரண்டடி கனம், சுண்ணாம்புப் பூச்சு, நடுப்பகலிலும் ஜில்லென்று இருக்கும். அது போதுமா? வெள்ளை இத்தனை வருஷம் தாங்கியிருக்குமா? எதை முதலில் திறப்பது? சாப்பிட என்ன வைப்பது? மாமன்மார் நாட்டுக்கோழிக் குழம்புதான் வேண்டும் என்கிறார்கள்.

புதுவயல் பையன்:

பெரியப்பா ஒரு பக்கம், புட்டி ஒரு பக்கம், இரண்டுக்கும் சாந்தி கழிக்கிறீர்கள் போல. எனக்கு அழைப்பு உண்டா?

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, உங்கள் அண்ணன் பேருக்கு வாங்கவில்லை, குடித்துப் பார்த்து வாங்கியிருக்கிறார். நான் கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ பக்கம் ஓர் உணவகத்தில் வைன் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். இதில் மூன்று பண்ணைகள் எனக்குப் பழக்கம் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, அந்த உள் அறையிலிருந்து புட்டிகளை எடுங்கள். ஜில்லென்று இருப்பது நம் உடம்புக்கு. பிரான்சின் பல வைன் ஊர்களில் ஆண்டுச் சராசரி வெப்பமே 12, 13 டிகிரிதான், மண்ணுக்கு அடியில் அந்தச் சராசரி அப்படியே நிற்கும். அதனால்தான் அங்கே நிலவறை வெட்டினால் போதும். நம் பக்கம் சராசரி 28க்கு மேல். கிணற்று ஆழத்துக்குத் தோண்டினாலும் அதே 28தான் கிடைக்கும். சில வாரம்தான் என்றால் வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் படுக்க வையுங்கள், ஒன்றும் ஆகாது. திருச்சியிலிருந்து காரில் வந்தபோது டிக்கியில் வெந்ததா என்று தெரிய வேண்டுமானால் கார்க்கைப் பாருங்கள். மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ, மூடித்தாளுக்கு அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ சூடு பட்டிருக்கிறது.

இனி எது தாங்கும் என்பது. என் தீர்மானம் இது, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்: கலிபோர்னியா ரோன் வகைகளில் கடைசி வரை நிற்பது மூர்வேத்ரு. சிரா அதற்கு அடுத்தது. கிரனாஷ் சீக்கிரம் காற்றுப்பட்டுச் சாயம் போகும், பழவாசம் முதலில் உதிரும். மூர்வேத்ரு நேர் எதிர். தோலிலிருந்து வரும் துவர்ப்பு அதிகம், காற்றோடு லேசில் சேராது, இளசில் ஒரு மாதிரி மூடிக்கொண்டு மாட்டுத்தொழுவ வாசம்கூட அடிக்கும். பத்து வருஷம் போகட்டும், அப்போதுதான் பேச ஆரம்பிக்கும்.

இந்தத் திராட்சை அங்கே புதிது என்றும் எண்ண வேண்டாம். ஓக்லி பக்கம், கோன்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில், மட்டாரோ என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டிலேயே நட்டிருக்கிறார்கள். வெறும் மணல். வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி மணலில் பிழைக்காது என்பதால் ஒட்டுப் போடாத கிழட்டுக் கொடிகள் இன்றைக்கும் அங்கே காய்க்கின்றன. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அதற்குப் பிறகு வெகுகாலம் இவற்றையெல்லாம் பெயர் சொல்லாமல் கலவை வைனில் கொட்டிவிட்டார்கள். சிரா என்று பெயர் போட்டுத் தனியாக ஜோசப் ஃபெல்ப்ஸ் 1974 விளைச்சலில் செய்தார். 1980களில்தான் ராண்டல் கிரஹாம், பாப் லிண்ட்க்விஸ்ட், ஸ்டீவ் எட்மண்ட்ஸ் போன்றவர்கள் எல்லோரும் செய்யும் கபர்னே திராட்சையை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். க்யூப்பே லிண்ட்க்விஸ்ட் தொடங்கியது, 1982இல். லெ சிகார் வோலான் கிரஹாம் உருவாக்கியது, முதல் விளைச்சல் 1984.

அந்தப் புட்டியின் ஒட்டுத்தாளைப் பாருங்கள், திராட்சைத் தோட்டத்துக்கு மேலே சுருட்டு வடிவத்தில் ஒரு கப்பல் மிதக்கும். 1954இல் ரோன் பள்ளத்தாக்கில் இருக்கும் ஷாத்தோநெஃப் து பாப் ஊர் நிர்வாகம், பறக்கும் தட்டுகளோ பறக்கும் சுருட்டுகளோ எங்கள் எல்லைக்குள் இறங்கக்கூடாது, இறங்கினால் பறிமுதல் என்று உத்தரவே போட்டது. லெ சிகார் வோலான் என்றால் பறக்கும் சுருட்டு, கிரஹாம் அதை வைத்துத்தான் பெயர் வைத்தார். ஏழெட்டுப் பேர் கூடும் இடத்தில் சொல்ல நல்ல கதை.

டாப்லாஸ் கிரீக் வேறு ரகம். பிரான்சில் ஷாத்தோ த போகாஸ்டல் என்ற வைன் பண்ணையை வைத்திருக்கும் பெரான் குடும்பமும் ராபர்ட் ஹாஸ் என்ற அமெரிக்க இறக்குமதியாளரும் சேர்ந்து 1989இல் கலிபோர்னியாவின் பாசோ ரோபிள்ஸுக்கு மேற்கே சுண்ணாம்பு மண் தேடி நிலம் வாங்கினார்கள். அங்கே கிடைத்த நாற்றைத் தொடவில்லை. பிரான்சிலிருந்து தங்கள் கொடியையே கொண்டுவந்து, மூன்று வருஷம் நோய்த்தடுப்புக் காவலில் போட்டு, அப்புறம் பெருக்கி நட்டார்கள். பகலில் நம் ஊர் வெயில், ராத்திரி போர்வை தேவைப்படும் குளிர். அந்த ஏற்ற இறக்கத்தால்தான் பழம் பழுத்தும் புளிப்பு போவதில்லை, புளிப்பு இருப்பதால்தான் வைன் கிடந்து முதிர்கிறது. சிவப்பு எஸ்ப்ரிக்கு மூர்வேத்ருதான் முதுகெலும்பு. உங்கள் ஐந்தில் எனக்கு ஒன்றே ஒன்று கொடுப்பீர்கள் என்றால் அதைத்தான் கேட்பேன்.

வெள்ளை எஸ்ப்ரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதில் ரூசான் அதிகம். ரூசான் நடுவில் சில வருஷம் ஊமையாக இருந்துவிட்டு மறுபடி எழும் திராட்சை. நிறம் பொன்னாக இருந்தால் கெட்டுவிட்டது என்று ஊற்றிவிடாதீர்கள். அரை மணி முன்னால் திறந்து வையுங்கள், ஐஸ் குளிரில் கொடுக்காதீர்கள். வியோன்யே பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. அதன் அழகே மல்லிகையும் பீச் பழமும் கலந்த அந்த முதல் வாசம், அது இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் இருக்காது.

கார்க் பழசு. சாதாரணத் திருகு போட்டால் பொடிந்துவிடும். ஆ-ஸோ என்று இரண்டு மெல்லிய தகடு வைத்த திறப்பான் இருக்கிறது, கார்க்கின் இரு பக்கமும் இறக்கித் திருகி இழுப்பது. அண்ணனிடம் இருக்கும், கேளுங்கள். பொடிந்தே போனாலும் சோப்பு வாசம் இல்லாத மல் துணியில் வடிகட்டலாம். சிவப்புப் புட்டிகளை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், அடியில் வண்டல் இறங்கட்டும். பழசை மணிக்கணக்கில் காற்றாட விடக்கூடாது, ஊற்றும் நேரத்தில் மெதுவாக வடித்தால் போதும். திருகு மூடி சிகார் மட்டும் விதிவிலக்கு. காற்றே புகாமல் கிடந்ததால் தீக்குச்சி வாசம், சில நேரம் அழுகின முட்டை வாசம்கூட வரும். ஜாடியில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிடுங்கள்.

சிவப்பை 16, 17 டிகிரியில் கொடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி போதும், நம் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு முறைக்கு 60 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள், கிளாஸிலேயே சூடாகிவிடும்.

இன்னொன்று. முதல் நாள் ஹோமம் நடந்த வீடு. சாம்பிராணி, சந்தனம், முழம் முழமாக மல்லிகை. அதற்கு நடுவே வைன் வாசம் தெரியாது, வளவுக்குள் உட்காராதீர்கள், வெளித் திண்ணைக்கோ பின்கட்டுக்கோ போய்விடுங்கள். வைன் முடியும்வரை மாமன்மார் வெற்றிலையைத் தொடக்கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான நிபந்தனை.

கோட்டையூர் அடுப்படி:

நான் கோட்டையூரில் விருந்தினருக்குச் சமைத்துப் போடுகிறவள். வைன் எனக்குத் தெரியாது, ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு குடித்துவிட்டு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். மிளகாயும் மதுவும் சேர்ந்தால் எரிச்சல்தான் மேலே நிற்கும். நாட்டுக்கோழிக் குழம்பை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளி வையுங்கள் தம்பி. சாயங்காலத்துக்கு உப்புக் கறி போடுங்கள், வரமிளகாயை விதை எடுத்துப் பாதியாகக் குறைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக. காடை மிளகு வறுவல் ஒன்று. கல்பாசி தாளித்தால் ஒரு ஈர மர வாசம் வரும், பழைய வைனுக்கு அது ஒத்துப்போகும் என்று ஒரு விருந்தாளி சொன்னார். வெள்ளைப் பணியாரம் வைக்கலாம், ஆனால் தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல் வேண்டாம். கந்தரப்பம், கவுனி அரிசி எல்லாம் கடைசியில்.

ஒரு சந்தேகம். முட்டை வாசம் வந்தால் செம்புப் பாத்திரத்தில் ஊற்றினால் போகுமா? எங்கள் வீட்டில் பெரிய செம்புச் சட்டி இருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி சொன்ன சாப்பாட்டுக்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. செம்பு அந்தக் கந்தக வாசத்தைப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் வைன் புளிப்பு, ஈயம் பூசாத செம்பை அரித்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அது வேண்டாம் ஆச்சி. கண்ணாடி ஜாடியும் பத்து நிமிஷப் பொறுமையும் போதும்.

வளவுக்காரன்:

சாந்தி நல்லபடியாக நடந்தது. மறுநாள் கதையை எழுதாமல் விட்டால் அண்ணன்மார் கோபிப்பார்கள்.

பின்கட்டில் உட்கார்ந்தோம். வியோன்யே முதலில். நிறம் நன்றாக இருந்தது, வாசம் ஒன்றுமில்லை, பின்வாயில் கசப்பு. ரஸ்தா அண்ணே, நீங்கள் சொன்னது சரி. வெள்ளை எஸ்ப்ரிதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. தேன்மெழுகு, வறுத்த முந்திரி, ஆனால் வாயில் இனிப்பே இல்லை. வெள்ளைப் பணியாரத்தோடு அது போன வேகத்துக்கு எனக்கு இரண்டாவது ஊற்று கிடைக்கவில்லை.

சிகார் திறந்தவுடன் தீக்குச்சிதான். ஜாடியில் கலக்கி வைத்த பிறகு நாவல்பழமும் காய்ந்த மருக்கொழுந்தும். இத்தனை வயசுக்கு இவ்வளவு இளமையா என்று அண்ணனே ஆச்சரியப்பட்டார். சிராவில் எனக்கு உப்புக்கண்ட வாசம், மேலே மிளகு. காடைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. எஸ்ப்ரி 2006 விளிம்பில் செங்கல் நிறம். முதலில் ஈரமண்ணும் பழைய தோல் பையும், கொஞ்ச நேரம் கழித்து அத்திப்பழம். துவர்ப்பு கரைந்து நாக்கில் வழுவழுவென்று ஓடியது. உப்புக் கறியோடு அது சேர்ந்தபோது பேச்சு நின்றுவிட்டது. கார்க் பாதியில் உடைந்தது, மல் துணி கைகொடுத்தது.

ஒரே தகராறு: பெரிய மச்சினன் சிராவில் மிளகு வாசமே இல்லை, நீங்கள் காடையை மோந்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்று ராத்திரி முழுவதும் கேலி செய்தார். மற்ற எல்லோருக்கும் வந்தது. யார் சொல்வது சரி?

தேவகோட்டை ரஸ்தா:

இரண்டு பேரும் சரி. சிராவில் வரும் மிளகு வாசம் ரோட்டண்டோன் என்ற பொருளால் வருவது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிராவிலும், நாம் சமையலுக்குப் போடும் குருமிளகிலும் இருப்பது அதே பொருள்தான் என்று காட்டினார்கள். அந்தச் சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கலந்து கொடுத்தாலும் அது மூக்கில் ஏறவே இல்லை. உங்கள் மச்சினன் அந்த ஐந்தாவது ஆள். அது குளிர்ந்த இடத்துத் திராட்சையில் கூடுதலாகச் சேரும். பியன் நசீதோ சாந்தா மரியா பள்ளத்தாக்கில், பசிபிக் கடற்காற்று நேராக உள்ளே வரும் இடத்தில் இருக்கிறது. பாசோ ரோபிள்ஸ் வெயிலில் விளைந்த சிராவாக இருந்தால் உங்களுக்கும் இவ்வளவு மிளகு கிடைத்திருக்காது.

புதுவயல் பையன்:

அண்ணே, நானும் இரண்டு புட்டி வாங்கி வைத்துப் பழசாக்க ஆசை. எங்கே வைப்பது?

தேவகோட்டை ரஸ்தா:

இங்கே வைக்காதே. 13 டிகிரிப் பெட்டி வாங்கினாலும் நம் மின்வெட்டு அதற்குப் பகை. அமெரிக்காவில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் அவர் பெட்டியில் ஒரு தட்டு கேட்டு வாங்கிக்கொள். மூர்வேத்ரு அதிகமுள்ளதாக ஒரே விளைச்சலில் மூன்று புட்டி எடு, ஆறாம் வருஷம் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மீதியை முடிவு செய். வியோன்யே வாங்கினால் அந்த வருஷமே குடித்துவிடு.