வயலில் சாம்பல், போர்வெல்லில் உப்பு: எதைச் சோதிக்க வேண்டும், யாரிடம் போவது?

ஒற்றியூர்வாசி:
சித்தப்பாவுக்கு மீஞ்சூர் பக்கம் ஒரு காணி நிலம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கரைசல் போகிற குழாய் உடைந்து வயலுக்குள் பாய்ந்து, காய்ந்து ஓடு கட்டி நிற்கிறது. போர்வெல் தண்ணீரும் உப்பு, நாற்று நுனி கருகுகிறது. நிலையத்தில் போய்க் கேட்டால் கடல் உப்பு என்று கைவிரிக்கிறார்கள், சாம்பல் மண்ணுக்கு நல்லது என்று வேறு சொல்கிறார்கள். அவர் ரொம்ப உடைந்து போயிருக்கிறார். என்ன செய்யலாம்?

கொசஸ்தலைக்கரை:
கடல் உப்பு என்பது முழுப் பொய் இல்லை, அதனால்தான் அதைச் சொல்லித் தப்பிக்க முடிகிறது. மீஞ்சூரில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சி 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. ஆகவே உப்பின் அளவை மட்டும் பார்த்தால் ஒன்றும் நிற்காது. குளோரைடு, சல்பேட் இரண்டையும் பாருங்கள்: கடல்நீரில் குளோரைடு சல்பேட்டைப் போல சுமார் 7 மடங்கு, சாம்பல் கசிவு கலந்தால் சல்பேட் பங்கு கூடும். ஆர்செனிக், குரோமியம், ஈயமும் கேளுங்கள். வேளாண் துறை மண் பரிசோதனையில் இவை பொதுவாக வராது, அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகம் வேண்டும். போர்வெல்லைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் தண்ணீர் பிடியுங்கள், பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். சாம்பல் படாத பக்கத்து வயல் மண்ணும் ஒன்று எடுங்கள், ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

அடங்கல்:
காலக்கெடுவை விட்டுவிடாதீர்கள், பலர் இங்கேதான் தோற்கிறார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு 14இன்கீழ் வழக்குக்கு 6 மாதம், பிரிவு 15இன்கீழ் இழப்பீடு கேட்க 5 ஆண்டு. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அதற்கு முன் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் பதிவுத்தபாலில் மனு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) பழைய வருஷங்களின் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கின், நகல் வாங்குங்கள், அங்கே நெல் விளைந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

ஒற்றியூர்வாசி:
ரொம்ப நன்றி. சித்தப்பா சாம்பலை வழித்துப் போட்டுவிட்டு சம்பாவுக்கு உழவேண்டும் என்கிறார், உழலாமா?

கொசஸ்தலைக்கரை:
இப்போது வேண்டாம். உழுதால் சாம்பல் மண்ணோடு கலந்துவிடும், அப்புறம் பிரிக்க முடியாது. முதலில் தேதியோடு படம், மாதிரி, விஏஓவின் நேரடிப் பார்வை, இந்த மூன்றும் முடியட்டும். மாடுகளை மட்டும் இன்றைக்கே அந்தப் பக்கம் மேயவிடாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.