கான்கிரீட் போட்டாச்சு, மேலே என்ன போடுவது? காவேரிப்பட்டணம் வீட்டு முன்தாழ்வாரம்

தென்பெண்ணைக்கரை

காவேரிப்பட்டணத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு முன்னால் 24-க்கு 12 அடியில் தாழ்வாரம் இறக்கியிருக்கிறோம். மேலே ஷீட், மூன்று பக்கமும் திறப்பு, கீழே நாலு அங்குலக் கான்கிரீட். கான்கிரீட் போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மேலே என்ன போடுவது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அப்பாவுக்கு கிரானைட், மாமாவுக்கு கோட்டா கல். தம்பி கடைக்கே போய் பார்க்கிங் டைல்ஸ் பார்த்துவிட்டு வந்துவிட்டான். அம்மா கேட்பது இரண்டுதான்: மாசி, பங்குனியில் நாலு பேர் உட்கார்ந்து புளி தட்ட இடம் வேண்டும், மழையில் வழுக்கக் கூடாது.

மேற்கு பார்த்த வாசல். நிலைப்படி கான்கிரீட்டுக்கு மேல் சரியாக இரண்டு அங்குலம். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, தரை கழுவுவதெல்லாம் போர் தண்ணீர்தான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பர்கூர் கல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு டைல்ஸ் பார்ப்பது, மாந்தோப்புக்குள் குடியிருந்துகொண்டு பாட்டிலில் மாம்பழ ஜூஸ் வாங்குவது மாதிரி. கிரானைட் போடுங்கள், ஆனால் பாலிஷ் போட்டது வேண்டாம், ஃபிளேம் ஃபினிஷ். கல்லின் மேல் கேஸ் தீயைக் காட்டும்போது அதிலுள்ள படிகங்கள் சூட்டில் விரிந்து பொடிப்பொடியாகத் தெறிக்கும், மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். ஈரத்தில் தைரியமாக நடக்கலாம். வெயில், மழை, புளி எதற்கும் அசையாது.

காசு கம்மியாக வேண்டும் என்றால் பர்கூர் பக்கம் பாலிஷ் பட்டறைகளில் ஸ்லாப் அறுத்தது போக மிஞ்சிய கட்டிங் பீஸ் கிடைக்கும். ஒரு டிராக்டர் லோடு எடுத்துப் பொறுக்கிப் போடலாம்.

ஓசூர் அடுக்குமாடி

மாமா சொல்வதில் என்ன தப்பு? கோட்டா கல் காலுக்குக் குளிர்ச்சி, கிரானைட்டைவிட மலிவு. பெரிய பெரிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லாம் வருஷக்கணக்காகக் கிடக்கிறது. பாலிஷ் போடாமல் அப்படியே போட்டால் வழுக்காது.

அரூர் அக்கா

ஓசூர் தம்பி, உங்கள் அடுக்குமாடியில் புளி தட்டுகிறார்களா? எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் கோட்டா கல்தான் கிடக்கிறது, நான் சொல்கிறேன் கேளுங்கள். கோட்டாவும் சரி, கடப்பாவும் சரி, இரண்டும் சுண்ணாம்புக் கல் இனம். புளிப்பு பட்டால் அரிக்கும். தார்ப்பாய் விரித்துத்தான் உட்காருவோம். ஆனாலும் ஓடு உடைத்த புளி கையில் ஒட்டும், அந்தக் கையைத் தரையில் ஊன்றித்தான் எழுந்திருப்பார்கள். சாயந்தரம் துடைத்தால் போவது போலத் தெரியும். காய்ந்த பிறகு சாய்வாகப் பார்த்தால் ஐந்து விரலும் மங்கலாகப் பதிந்து கிடக்கும். அது கறை இல்லை, கல்லின் மேல்தோல் போய்விட்டது. திரும்ப பாலிஷ் மெஷின் வந்தால்தான் உண்டு. பாலிஷ் இல்லாத கல்லில் அவ்வளவாகத் தெரியாதுதான், அதற்குப் பதில் அழுக்கு உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று. போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிகிறதே என்று சிலர் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். இந்தக் கல்லில் அதைச் செய்தால் அன்றோடு சரி.

பாலக்கோடு பேரன்

எதுவுமே போடாதீர்கள் என்று சொல்ல ஓர் ஆளாவது வேண்டும், நான் சொல்கிறேன். நாலு அங்குலக் கான்கிரீட் போட்டாயிற்று. அதுவே தரை. மேலே ஒரு சிமெண்ட் பூச்சு, கொஞ்சம் ரெட் ஆக்சைடு, நல்ல கொத்தனார் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெழுகினால் ஐம்பது வருஷம் கிடக்கும். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணை இன்றைக்கும் முகம் பார்க்கலாம். 2004-இல் எங்கள் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பிரித்தபோது கிரானைட்டை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், எங்களுக்கு சிமெண்ட்தான் மிச்சம்.

பர்கூர் கல்

பேரன், தர்மபுரியிலும் கறுப்பு கிரானைட் வெட்டுகிறார்கள், சும்மா புலம்பாதீர்கள். முகம் பார்க்கிற அளவுக்கு மழமழப்பாக இருக்கிற திண்ணையில் மழைச் சாரல் அடித்தால் கேள்வி கேட்டவர் அம்மா கதி என்ன? அதையும் சொல்லுங்கள்.

ரசமட்டம்

நான் இருபது வருஷமாக இதே வேலை. எந்தக் கல் என்று சண்டை போடும் முன் கேள்வி கேட்டவர் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

முதலில் வாட்டம், அதாவது தண்ணீர் வெளியே ஓடத் தரைக்குக் கொடுக்கிற சரிவு. வாசல் பக்கம் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டு எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாவது ஈரம். ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலிதீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, சாயந்தரம் விட்டுவிட்டு மறுநாள் மத்தியானம் எடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அப்புறம், 24 அடி நீளத்தில் நடுவில் ஜாயிண்ட் எதுவும் விட்டார்களா? விடாவிட்டால் எங்கேயாவது விரிசல் விட்டிருக்கும். இதெல்லாம் தெரியாமல் எந்தக் கல்லைப் போட்டாலும் ஒன்றுதான்.

பேரனுக்கு: ரெட் ஆக்சைடு பூச்சை அடிக் கான்கிரீட் பச்சையாக இருக்கும்போதே ஏற்ற வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பிடிக்கும். இரண்டு மாதம் காய்ந்த கான்கிரீட் மேல் மெல்லிசாகப் பூசினால் தனித்தனியாக நின்று வெடிக்கும், தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். தாத்தா வீட்டுத் திண்ணையைப் போட்ட விதமே வேறு.

பாலக்கோடு பேரன்

நன்றாகக் கொத்து விட்டு, சிமெண்ட் பால் ஊற்றிப் பூசினாலும் பிடிக்காதா?

ரசமட்டம்

கனம் கொடுத்தால் பிடிக்கும். ஒன்றரை அங்குலமாவது வேண்டும். வாட்டமும் சேர்த்தால் இரண்டு அங்குல நிலைப்படியில் அதற்கு இடம் எங்கே? புளிப்பு சிமெண்டையும் அரிக்கும் என்பது தனிக் கணக்கு.

தென்பெண்ணைக்கரை

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் எல்லாம் செய்து பார்த்தேன்.

தண்ணீர் வெளியே போகவே இல்லை. நடுவில் பெரிய தட்டு அகலத்துக்குத் தேங்கி நின்றது, மீதி சுவர்ப் பக்கம் திரும்பியது. ரசமட்டக் குழாய் வைத்துப் பார்த்ததில் வாசலும் வெளி ஓரமும் ஏறக்குறைய ஒரே மட்டம். பாலிதீன் தாள் மூன்று இடத்தில் ஒட்டினோம். இரண்டில் ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவுகிற குழாய்ப் பக்கம் ஒட்டியதில் மட்டும் அடியில் முத்து முத்தாக நீர். விரிசலும் இருக்கிறது, மயிரிழை கனம், நீளவாக்கில் பாதியில் குறுக்கே கொஞ்சம் வளைந்து போகிறது.

ரசமட்டம்

நினைத்தேன். குழாய்த் தண்ணீர் அஸ்திவாரத்து ஓரமாக இறங்குகிறது. முதலில் அதற்கு ஒரு தொட்டி கட்டிக் குழாய் போட்டு வெளியே விடுங்கள். அதை விட்டுவிட்டு மேலே எதைப் போட்டாலும் ஜாயிண்ட் ஜாயிண்டாக வெள்ளை பூக்கும். அப்போது போர் தண்ணீரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. குழாயடியில் திட்டுத் திட்டாகப் படிவது தண்ணீரின் உப்பு. ஜாயிண்ட் ஓரமாகக் கோடு கோடாகப் பூப்பது கீழேயிருந்து ஏறுகிற உப்பு.

இப்போது கணக்குக்கு வாருங்கள். அங்குலத்துக்கு 8 நூல். நிலைப்படி இரண்டு அங்குலம், அதாவது 16 நூல். அடிக்கு ஒரு நூல் வாட்டம் என்றால் 12 அடிக்கு வாசல் பக்கம் 12 நூல் ஏற்ற வேண்டும். அதன் மேல் டைல்ஸும் ஒட்டுகிற பசையும் 5 நூல். ஆக 17. தரை நிலைப்படியைத் தாண்டிவிட்டது. சாரல் அடித்தால் தண்ணீர் நேராக ஹாலுக்குள்.

அதனால் வாட்டத்தைப் பாதியாக்குங்கள், அடிக்கு அரை நூல். மேலே ஷீட் இருப்பதால் அது போதும். 6 நூல் வாட்டம், 5 நூல் டைல்ஸ், 11. நிலைப்படிக்கு 5 நூல் மிச்சம். பர்கூர்காரர் சொல்கிற கட்டிங் பீஸ் போட்டால்? ஒன்று அரை அங்குலம் இருக்கும், இன்னொன்று முக்கால் இருக்கும். அதைச் சமன் செய்யக் கலவைப் படுகை ஒன்றேகால் அங்குலமாவது வேண்டும், அது 10 நூல். கல் 6 நூல். வாட்டம் சேர்க்கும் முன்பே 16 ஆகிவிட்டது.

பர்கூர் கல்

கட்டிங் பீஸை விடுங்கள். ஒரே கனத்தில் அறுத்த 18 மில்லிமீட்டர் ஸ்லாப் வாங்கி, அதையும் பசை போட்டே ஒட்டலாமே. கல்லும் பசையும் 8 நூல், வாட்டம் 6, மொத்தம் 14. இரண்டு நூல் மிச்சம் இருக்கிறது.

ரசமட்டம்

ஒட்டலாம். இரண்டு நூல் என்பது ஒரு மிதியடி கனம்கூட இல்லை. மேற்குப் பார்த்த வீடு, தென்மேற்குக் காற்றோடு மழை வந்தால் நேராக வாசலில்தான் அடிக்கும். கல்லும் மலிவாக இருக்காது, நீங்கள் சொன்ன கட்டிங் பீஸ் லாபம் போய்விட்டது.

அரூர் அக்கா

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்குப் பார்த்த தாழ்வாரம், சாயந்தரம் நாலு மணிக்கு வெயில் உள்ளே வந்து படுக்கும். கறுப்பு கிரானைட்டில் சித்திரை மாதம் வெறுங்காலோடு நின்று பாருங்கள். அதுவும் ஃபிளேம் போட்ட கல்லின் குழியில் புளி நாரும் கொட்டைத் தோலும் போய் மாட்டிக்கொள்ளும், மாப் போட்டால் மாப்தான் கிழியும்.

பர்கூர் கல்

வெளிர் சாம்பல் நிறக் கல் எடுத்தால் சூடு அவ்வளவு ஏறாது அக்கா. லெதர் ஃபினிஷ், அதாவது பிரஷ்ஷால் தேய்த்துத் தோல் மாதிரி மழுங்கலாக்கியது என்றால் குழியும் இருக்காது. டைல்ஸைப் பற்றியும் யாராவது பேசுங்கள். புளி தட்டுவது என்றால் இரும்புக் கம்பியால் தட்டுவது. டைல்ஸ் மேல் வைத்துத் தட்டினால் ஒரே சீசனில் தெறிக்கும்.

அரூர் அக்கா

யாரும் தரையில் வைத்துத் தட்ட மாட்டார்கள் தம்பி. அடியில் ஒரு கல் வைத்து அதன் மேல்தான் தட்டுவோம். ஆனால் அந்தக் கல்லைப் பொத்தென்று போடுவார்கள், இழுப்பார்கள். அதற்கு டைல்ஸ் தாங்குமா என்பதுதான் கேள்வி.

ரசமட்டம்

அடியில் காலியிடம் இல்லாமல் ஒட்டினால் தாங்கும். நம்மூரில் தெறிப்பதற்குக் காரணம் டைல்ஸ் இல்லை, ஒட்டுகிற விதம். நாலு மூலையிலும் நடுவிலும் ஓர் உருண்டை சிமெண்ட் வைத்து அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். உருண்டைக்கு நடுவே வெறும் காற்று. அங்கே கல் விழுந்தால் உடையத்தான் செய்யும். கண்ணாடி போல இறுகச் சுட்ட விட்ரிஃபைடு ரகம் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. பசைதான் வேண்டும். மூட்டையில் ஐஎஸ் 15477 என்று இந்தியத் தர எண் இருக்கும், வெளித் தரைக்கு டைப் 2-க்குக் கீழே வாங்காதீர்கள். பல் கரண்டியால் தரை முழுவதும் கோடு இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாகத் தடவி ஒட்ட வேண்டும். 20 கிலோ மூட்டை 40, 50 சதுர அடி வரும். உங்கள் 288 சதுர அடிக்கு ஆறேழு மூட்டை. ஒட்டுகிறவர் நாலு மூட்டை போதும் என்றால் உருண்டை வைக்கப் போகிறார்.

முதல் டைல்ஸ் ஒட்டியதும் உடனே பெயர்த்து முதுகைப் பாருங்கள். முழுவதும் பசை அப்பியிருந்தால் சரி. கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கடையில் ஆர் 11 ரகம் கேளுங்கள், அது வழுக்காமைக்கான அளவு. மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். விரிசல் மேல் நேராக ஒட்டாதீர்கள், அது டைல்ஸிலும் வரும். விரிசல் மேல் சவ்வுப் பட்டை ஒட்டி, அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஜாயிண்டைச் சிமெண்ட் நிரப்பாமல் சீலன்ட் வைத்து அடையுங்கள். சுவர் ஓரத்திலும் அப்படியே. ஷீட் சூடும் வெயிலும் சேர்ந்து தரை விரியும், அதற்கு வழி விட வேண்டும்.

ஓசூர் அடுக்குமாடி

இவ்வளவு கஷ்டத்துக்கு ஷீட்டை வெளியே இரண்டடி நீட்டிவிட்டுக் கூரை ஓரத்தில் தண்ணீர்க் குழாய் மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சனை போகுமே?

ரசமட்டம்

இந்த இழையிலேயே இதுதான் மலிவான யோசனை. முதலில் அதைச் செய்யுங்கள்.

தென்பெண்ணைக்கரை

சரி. அம்மாவிடம் பேசினேன். குழாய்த் தொட்டி, அப்புறம் ஷீட் நீட்டுவது, அதன் பிறகு ஆர் 11-இல் ஓரடிச் சதுர வெளிர் சாம்பல் டைல்ஸ். அப்பா மனம் ஆறவில்லை. வெளி ஓரத்தில் மட்டும் அரையடி அகலத்துக்கு ஃபிளேம் கிரானைட் பட்டி போட்டே ஆக வேண்டும் என்கிறார். படியில் கால் வைக்கிற இடம், டைல்ஸ் முனை உடையாமல் இருக்கும் என்கிறார். அதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

பர்கூர் கல்

அப்பா வாழ்க.

ரசமட்டம்

நியாயம்தான். ஆனால் கிரானைட் பட்டி 8 நூல், டைல்ஸ் 5 நூல். ஓரத்தில் மூன்று நூல் வரப்பு கட்டிய மாதிரி நின்றுகொண்டு தண்ணீரை உள்ளேயே தேக்கும். பட்டி வருகிற இடத்தில் கான்கிரீட்டை மூன்று நூல், முடிந்தால் நாலு நூல் இறக்க வேண்டும். சம்மட்டியால் கொத்த விடாதீர்கள், ஓரம் சிதறும். கட்டிங் மெஷினில் அரை அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகக் கோடு போட்டுவிட்டு உளியால் செதுக்கச் சொல்லுங்கள். அந்த ஓரத்தில் வாட்டக் கலவையும் மெல்லிசாக முடிகிறது, வெறும் மணல் சிமெண்ட் அங்கே நிற்காது, பாலிமர் கலந்து போடச் சொல்லுங்கள்.

பர்கூர் கல்

பட்டிக்கு 24 அடி நீளம்தானே, அதற்குக் கட்டிங் பீஸே போதும். கனம் மட்டும் அளந்து ஒன்றுபோலப் பொறுக்குங்கள், கையில் ஒரு வெர்னியர் கொண்டு போங்கள். புளி தட்ட அம்மாவுக்கு ஒரு கனத்த துண்டும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.