டிட்லிஸ் மலைக்குப் போகும் அம்மாக்களுக்குக் குளிர் உடுப்பு இரவல் தேவை

வணக்கம் உறவுகளே. ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து பிள்ளைகளைப் பார்க்க சுவிஸ் போகும் வயதான அம்மாக்கள் சிலர் டிட்லிஸுக்குக் கேபிள் காரிலும் ஏறப் போகிறார்கள். 5, 6 அளவில் தடித்த அடி வைத்த சப்பாத்து நான்கு சோடி, கம்பளி உள்ளுடுப்பு, கையுறை வைத்திருப்பவர்கள் தந்துதவுங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் இன்னும் குளிரும். செருப்பு பனியில் வழுக்கும்.

அடிவாரம் எங்கல்பெர்க் ஏறத்தாழ 1,000 மீற்றர், மேல்நிலையம் 3,020 மீற்றர். இலங்கையின் அதியுயர்ந்த மலையான நம் பிதுருதலாகலையே 2,524தான். அவ்வளவு உயரம் சட்டென்று ஏறும்போது காது அடைக்கும். டொபி சப்பி எச்சில் விழுங்கினால் திறக்கும். பையிலுள்ள பிஸ்கட் பக்கட்கூட பலூன்போல உப்பிவிடும். வெளியே காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். இதய வருத்தம், ஆஸ்துமா இருந்தால் டொக்டரைக் கேட்காமல் தயவுசெய்து ஏற்றாதீர்கள்.

ஸ்டாண்ட் என்ற இடைநிலையத்தில் மாறி ஏறும் கேபிள் கார்ப் பெட்டி சுழன்றுகொண்டே போகும். தலைசுற்று உள்ளவர்கள் கீழே பார்க்காமல் தூரத்து மலையைப் பார்க்கட்டும். காற்று பலத்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள், ஆகவே அன்று காலை மலையுச்சியை இணையத்தில் நேரடியாகக் காட்டும் கமராவைப் பார்த்த பிறகே டிக்கட் எடுக்க வேண்டும்.

இன்னொன்று: முழங்கால் நோவுள்ள பெரியவர்களைக் கூட்டிப் போனவர்கள் இருந்தால், பெட்டி மாறும் இடத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.