டொமினோவை என்ன செய்வது?

தம்பி (கிளிநொச்சி), மாலை 6.50
எல்லோருக்கும் வணக்கம். வவுனியாவில் வாங்கி வந்த இரண்டு கிளார்க் கோமாளி மீன்களையும், தொட்டியைத் தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் டொமினோ டாம்சல் என்ற கறுப்பு மீன் ஓயாமல் துரத்துகிறது. கோமாளிகளில் சின்னதன் வால் கிழிந்துவிட்டது. அது நேற்றிலிருந்து உணவுக்கும் வரவில்லை. தொட்டி நான்கு அடி நீளம், ஏறத்தாழ 250 லீற்றர். உப்பும் வெப்பநிலையும் சரியாகத்தான் இருக்கின்றன. அக்கா, நேரம் கிடைக்கும்போது ஒரு வழி சொல்லுங்கள்.

அம்மா, மாலை 6.58
காலையில் நானும் பார்த்தேன். சின்னது வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உணவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் அந்தக் கறுப்பன் அடங்காதா?

அக்கா (நீர்கொழும்பு), மாலை 7.15
அடங்காது அம்மா. டொமினோ உணவுக்காக அடிக்கவில்லை, இடத்துக்காக அடிக்கிறது. முருகைக்கல்லில் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் தன்னுடையது என்று காவல் காப்பது டாம்சல் மீன்களின் இயல்பு. கடலில் தோற்ற மீன் சில மீற்றர் தள்ளிப் போய்விட்டால் சண்டை அத்துடன் முடிந்துவிடும். தொட்டியில் தோற்ற மீனுக்குப் போக இடமில்லை. அது எங்கே நின்றாலும் வென்ற மீனின் கண்ணில் எல்லைக்குள் நிற்பதாகவே படுவதால், கடலில் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய சண்டை இங்கே நாட்கணக்கில் நீள்கிறது. அத்துடன் கோமாளி மீனும் டாம்சலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உருவமும் தேவையும் ஒத்த மீன் வந்தால் பழைய மீனுக்குக் கோபம் இன்னும் கூடும்.

அம்மா, மாலை 7.19
அப்படியென்றால் இதுவும் சொந்தக்காரருக்குள் நடக்கும் வேலிக் கதியால் சண்டைதான்.

மச்சான் (ரொறன்ரோ), மாலை 7.31
இங்கே என் நண்பர் ஒருவர் தொட்டியில் மீன்களை நெருக்கமாக விட்டு வளர்க்கிறார். அடி எல்லாவற்றுக்கும் பகிர்ந்து போவதால் ஒன்றும் சாவதில்லை என்கிறார். இன்னும் நான்கைந்து மீன் வாங்கி விட்டால் என்ன?

அக்கா (நீர்கொழும்பு), மாலை 7.44
உங்கள் நண்பர் வளர்ப்பது ஆபிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்களாக இருக்க வேண்டும். அந்த நன்னீர் மீன்களுக்கு, வலுவான வடிகட்டி இருந்தால், அந்த முறை ஓரளவு பயன்படும். இந்தத் தொட்டியில் நான்கைந்து மீனைக் கூட்டினால் கழிவு கூடி அமோனியா ஏறும். சண்டையில் தப்பிய மீனும் தண்ணீரால் சாகும். தயவுசெய்து அவனுக்கு அந்த ஆசையைக் காட்டாதீர்கள்.

மாமா (முல்லைத்தீவு), மாலை 8.02
மருமகனே, ஏன் இவ்வளவு பாடு? அது நம் கடலிலும் வாழும் மீன்தானே. என்னிடம் கொண்டு வந்து தந்தால், விடியற்காலையில் படகில் போகும்போது முருகைக்கற்பாருக்குப் பக்கத்தில் விட்டுவிடுகிறேன்.

அக்கா (நீர்கொழும்பு), மாலை 8.10
மாமா, அந்த இனம் கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து பசுபிக் வரை இருப்பது உண்மைதான். ஆனால் கடைத் தொட்டிகளில் வெவ்வேறு கடல்களின் மீன்கள் ஒரே தண்ணீரில் கிடந்து வருகின்றன. அவற்றிலிருந்து ஒட்டிய நோயையும் ஒட்டுண்ணியையும் சேர்த்துத்தான் நாம் கடலில் விடுவோம். தொட்டியில் இருந்த மீன் எந்தக் காரணத்துக்காகவும் கடலுக்குத் திரும்பக் கூடாது.

தம்பி (கிளிநொச்சி), மாலை 8.16
பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. வலையைக் கண்டதும் கல்லுக்குள் புகுந்துவிடுகிறது.

மாமா (முல்லைத்தீவு), மாலை 8.25
மீனைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, தானாக வர விட வேண்டும். நாங்கள் கடலில் கூடு வைப்பது போலவே செய். பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, வாயை உட்புறமாகத் திருப்பிச் செருகு. உள்ளே ஒரு துண்டு இறாலைப் போட்டு, அதன் பொந்துக்கு எதிரே சாய்த்து வை. வாய் அதன் உடல் நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். உள்ளே வந்த மீனுக்கு வெளியேறும் வழி தெரியாது.

அக்கா (நீர்கொழும்பு), மாலை 8.41
மாமா சொன்னதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வைத்த பின் பக்கத்திலேயே இரு. கோமாளி நுழைந்தால் உடனே வெளியே விட்டுவிடலாம்.

தம்பி, இதைக் கவனமாக வாசி. பலர் அடிபட்ட மீனைத்தான் பிரித்து வைப்பார்கள். அது குணமாகித் திரும்பும்போது அடித்த மீன் முன்னைவிட உறுதியாகத் தன் இடத்தில் இருக்கும். பிரிக்க வேண்டியது டொமினோவை. துளைகள் உள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றில் அதை விட்டு, கூடையை மேலே மூடித் தொட்டிக்குள்ளேயே கட்டித் தொங்கவிடு. அதே தண்ணீர் ஓடும், மற்ற மீன்களையும் அது பார்த்துக்கொண்டிருக்கும், ஆனால் தொட முடியாது. அது கூடைக்குள் இருக்கும் நாட்களில் கற்களை இடம் மாற்றி அடுக்கு. பழைய பொந்து பழைய இடத்தில் இல்லாவிட்டால், திரும்பி வரும் டொமினோவும் மற்றவற்றைப் போல இடம் தேடும் புது மீன்தான். இன்றிரவு விளக்கை நேரத்துடன் அணைத்துவிடு. தொட்டியின் மேலே வலை போட்டிருக்கிறாயா? துரத்தப்படும் மீன் வெளியே பாய்ந்துவிடும். நம் பக்கத்து வெயிலுக்குக் கண்ணாடி மூடியைவிட வலைதான் நல்லது, தண்ணீர் சூடேறாது.

தம்பி (கிளிநொச்சி), மாலை 8.50
வலை இருக்கிறது அக்கா. இன்னொன்று: சின்னக் கோமாளி பெரியதன் பக்கத்தில் போய் உடலை நடுக்குகிறது. அது நோயா?

அக்கா (நீர்கொழும்பு), மாலை 9.04
நோயில்லை, பணிவு. கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும். சின்னது நடுங்கிக் காட்டி "உன் தலைமையை ஏற்கிறேன்" என்கிறது. ஆகவே அந்தச் சோடி பொருந்திவிட்டது. ஒரே அளவில் வளர்ந்த இரண்டு பெண்களை வாங்கியிருந்தால், ஒன்று சாகும்வரை சண்டை நின்றிருக்காது. கிழிந்த வால் நல்ல தண்ணீரில் தானாக வளரும். உடலில் உப்புத் தூளைப் போல வெள்ளைப் புள்ளிகள் வந்தால் மட்டும் உடனே எனக்குப் படம் அனுப்பு. செப்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதே, உன் பவளங்களும் நத்தைகளும் செத்துவிடும்.

*மறுநாள்*

தம்பி (கிளிநொச்சி), காலை 9.20
மாமா, மீன் போத்தலுக்குள் வந்துவிட்டது! இப்போது கூடையில் இருக்கிறது. சின்னக் கோமாளி வெளியே வந்து இரண்டு துண்டு இறால் தின்றது.

மாமா (முல்லைத்தீவு), காலை 9.26
நல்லது. கூடு வைக்கத் தெரிந்தவன் பசி கிடக்க மாட்டான்.

அக்கா (நீர்கொழும்பு), காலை 9.45
குறைந்தது ஒரு கிழமையாவது கூடையிலேயே இருக்கட்டும். கோமாளிகள் இரண்டும் தொட்டி முழுவதும் பயமின்றி நீந்தி, ஒழுங்காக உண்ணத் தொடங்கிய பின்னரே டொமினோவை விடு. விடும் நாளில் உணவைத் தொட்டியின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போடு. ஓரிரு தடவை துரத்திவிட்டு நிறுத்தினால் பேசாமல் இரு. புது ஒழுங்கு அமைய அந்தளவு உரசல் வேண்டும். செட்டை கிழிந்தாலோ, ஒரு மீன் மறுபடியும் மூலையில் நின்று வேகமாக மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கே டொமினோவைப் பிடித்துக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. என் கணிப்பைக் கேட்டால், அங்கேதான் போய் முடியும். டொமினோ 14 சென்ரிமீற்றர் வரை வளரும் மீன். வளர வளர அதன் குணம் கடுமையாகும். இனி மீன் வாங்குவதானால் சாதுவானவற்றை முதலில் விட்டு, சண்டைக்காரனைக் கடைசியில் விடு.

தம்பி (கிளிநொச்சி), காலை 9.52
கடைக்காரரிடம் இன்றே கேட்டு வைக்கிறேன் அக்கா.