ஷாவின்யோல் ஆட்டுப்பால் சீஸ் பண்ணை: போனவர்கள் வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. மே மாதம் நானும் அம்மாவும் பாரிஸிலிருந்து சான்சேருக்குப் போகிறோம். லுவார் ஆற்றோரம் இருக்கும் அந்த ஊருக்குப் பெரும்பாலும் சோவின்யோன் பிளாங்க் ஒயினுக்காகத்தான் போவார்கள். எங்களுக்கு ஆசை பக்கத்திலேயே இருக்கும் ஷாவின்யோலின் குரோத்தன் சீஸ்மேல்தான். காய்ச்சாத ஆட்டுப்பாலில் செய்வது, 1976-இல் ஏஓசி (குறிப்பிட்ட வட்டாரத்தில், அதற்கான முறையில் செய்த பொருளுக்கு பிரான்ஸ் தரும் முத்திரை) அங்கீகாரம் பெற்றது. இளசாக இருக்கும்போது வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். நாளாக ஆக நீலச்சாம்பல் பூஞ்சை படர்ந்து இறுகி, கத்தி வைத்தால் உதிரும். எனக்கு அந்த முற்றியதுதான் உயிர்.

வாங்குவதற்குக் கடைகள் இருக்கின்றன. ஆனால் உறைந்த பாலைத் துணியில் வடியவிட்டு, அப்புறம் சின்ன அச்சுகளில் அள்ளிப் போடுவதை நேரில் பார்க்க வேண்டும். அம்மா ஊரில் ஆடு வளர்த்தவர். பால் கறக்கும் நேரத்தில் போக முடிந்தால் ரொம்பச் சந்தோஷப்படுவார்.

அப்படி உள்ளே விடும் சிறிய குடும்பப் பண்ணை ஏதாவது தெரியுமா? முன்கூட்டியே போன் செய்ய வேண்டுமா? என் பிரெஞ்சு சுமார்தான், சமாளிக்கலாமா? இன்னொன்று, எங்களிடம் கார் இல்லை. டிரேசி-சான்சேர் ஸ்டேஷன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது, சான்சேரோ குன்றின்மேல். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் நடக்க முடியாது. அங்கே டாக்சி கிடைக்குமா, இல்லை முன்பே ஏற்பாடு செய்துகொள்வது நல்லதா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.