புல்லிஸ் சார்ட்டர் பள்ளி: மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு போடலாமா?

சாந்தி (குலுக்கல் பட்டியலில் மகள்):
கலிஃபோர்னியா லாஸ் ஆல்டோஸ் பக்கம் குடிவரும் நம்மாட்கள் இதைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது, கட்டணம் கிடையாது. அந்தப் பகுதிப் பொதுப் பள்ளிகளை நடத்துற அமைப்பான பள்ளி மாவட்டம் இதை நடத்தாது, தனி நிர்வாகம். ஆனா இடம் மாவட்டம்தான் தரணும். விண்ணப்பம் கூடினால் குலுக்கலில்தான் இடம். 2014-ல் மாவட்டத்தோடு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இங்கே இருக்கிற புல்லிஸ் சார்ட்டர் பள்ளிக்கு 900 பேர் என்று வரம்பு வந்தது. 2019-ல் பேசிய பத்தாண்டுத் திட்டத்தில் 1,111. பெற்றோர் விரும்பிக் கேட்கிற ஒரு பொதுப் பள்ளியை "இதுக்கு மேல சேர்க்காதே" என்று தடுப்பது எனக்குச் சரியாப் படலை.

ராகவன்_சான்அன்டோனியோ:
சாந்தி, தடையா நிக்கிறது நிலம். 2014 நவம்பரில் மாவட்டம் பள்ளி வசதிக்காக 150 மில்லியன் டாலர் கடன் பத்திரம் வெளியிட மக்கள் ஓட்டுப் போட்டாங்க. பத்தாவது பள்ளிக்கு இடம் அமைய 2019 ஆயிடுச்சு. மவுண்டன் வியூவில், சான் அன்டோனியோ கடைவளாகத்துக்குப் பக்கத்தில் சுமார் 12 ஏக்கர். அதிலும் நகராட்சி பணம் போட்டது, ஏன்னா இந்தப் பகுதிக்குப் பூங்கா வேணும்.
பணக் கணக்கும் இருக்கு. இது பெரும்பாலும் சொத்து வரியில் ஓடுற மாவட்டம். பிள்ளைகள் கூடினா மாநிலம் அதுக்கேத்த மாதிரி பணத்தைக் கூட்டாது. வரம்பே இல்லைன்னா எந்தப் பள்ளியை எப்ப காலி பண்ணணும்னு யாராலும் திட்டம் போட முடியாது.

சாந்தி:
அந்தப் பத்திரம் ஜெயிக்க எது உதவிச்சு? 2000-ல் மாநில மக்கள் ஏற்ற முன்மொழிவு 39. பள்ளிப் பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேணும்னு இருந்ததை 55 சதவீதமா இறக்கினது அதுதான். மாவட்டத்துக்குள் வசிக்கிற சார்ட்டர் பிள்ளைகளுக்கும் மற்ற பள்ளிகளுக்கு நிகரான இடம் தரணும்னு சொல்றதும் அதேதான். ஒரு பாதியை வாங்கிக்கிட்டு மறுபாதியை மறக்கலாமா? 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மைதானத்தையும் வெளியிடத்தையும் மாவட்டம் சரியா எண்ணலைன்னு புல்லிஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2003-ல் மாவட்டம் மலைப்பக்கத்துப் பள்ளியை மூடினதால் பிறந்த பள்ளி இது. அந்தப் பெற்றோர் வேற என்ன செய்திருக்க முடியும்?

ஜெயந்தி:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நான் வேற ஊர், எங்க பள்ளி பேர் வேண்டாம். ஒரே வளாகத்தில் நம்ம பள்ளியும் ஒரு சார்ட்டரும். இடம் பத்தாம பிள்ளைகளை மூணு பிரிவாப் பிரிச்சுத்தான் மதியச் சாப்பாடு. என் பையன் பத்தே முக்காலுக்கு மதிய உணவு சாப்பிட்டுட்டு, வீட்டுக்கு வரும்போது பசியில் துவண்டு வருவான். இசை வகுப்பு நடந்த அறை போயிடுச்சு. காகிதத்தில் அதை "காலி அறை"ன்னு எழுதியிருந்தாங்க. சட்டத்தை நான் மறுக்கலை சாந்தி. எந்த அறை காலின்னு முடிவு பண்றவங்க அங்கே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கணும்.

சாந்தி:
ஜெயந்தி அக்கா, அது கொடுமைதான். ஆனா அந்தச் சார்ட்டர் பிள்ளைகளும் அதே நெரிசலில்தானே இருந்தாங்க?

ஜெயந்தி:
ஆமா. அவங்களுக்கும் பத்தே முக்கால் சாப்பாடுதான்.

ராகவன்_சான்அன்டோனியோ:
2011 தீர்ப்பு சரிதான், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனா 2019 திட்டத்தைப் பாருங்க. ஈகன் நடுநிலைப் பள்ளியைப் புது இடத்துக்கு மாத்தி, ஈகன் வளாகத்தைப் புல்லிஸுக்குக் கொடுக்கிறதா இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி அது நின்னுபோச்சு. இதில் எங்களைப் பத்தி யாரும் பெருசாப் பேசலை. எல் கமினோ ரியல் பெருஞ்சாலைக்கு வடக்கே இருக்கிற நாங்களும் இந்த மாவட்டம்தான். சுத்தி அடுக்கு மாடிக் குடியிருப்பு, எங்களுக்குன்னு ஒரு பேட்டைப் பள்ளி கிடையாது. ஆறு வழிச் சாலையைத் தாண்டித்தான் என் ரெண்டாம் வகுப்புப் பொண்ணு போறா. அந்த 12 ஏக்கர் எங்க வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.
உங்க மகளுக்கு இடம் வேணாம்னு நான் சொல்லலை சாந்தி. அந்த இடத்தில் முதல் மணி அடிக்கும்போது உள்ளே போறது எங்க தெருப் பிள்ளைகளா இருக்கணும். அதுக்காகத்தான் வரம்பு கேக்கறேன்.

சாந்தி:
இதை நான் யோசிக்கலை அண்ணா. வடக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேணும்னு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். புல்லிஸுக்கு வரம்பு போடறதுக்கு மட்டும் போட மாட்டேன்.