வலிக்காமல் வந்த இரத்தம்

தறிக்காரர்:
ஆசனவாய்க்கு உள்ளே வரும் மூலம், அதாவது உள்மூலம், பெரும்பாலும் வலிக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மலம் கழித்து முடிக்கையில் சொட்டுச் சொட்டாகச் சிவந்த இரத்தம் விழும். வலி இல்லாததால் உடம்புச் சூடு என்று எண்ணி, மோர் குடித்தும் துத்தி இலையை வதக்கித் தின்றும் இரண்டு ஆண்டுகளைக் கடத்தினேன். ஒருநாள் இரவுப் பணியில், அறுந்த பாவு இழையை முடியக் குனிந்தவன் அப்படியே சரிந்துவிட்டேன். இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் 5.8 என்று மிகக் குறைவாக வந்தது. மருத்துவர் என் மனைவியின் கீழிமையை இழுத்து எனக்குக் காட்டினார், சிவப்பாக இருந்தது. பிறகு கண்ணாடியைக் கொடுத்து என்னுடையதைப் பார்க்கச் சொன்னார். சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருந்தது. மூலத்தின் அடியை இறுக்க ரப்பர் வளையம் போட்ட பிறகு இரத்தம் நின்றுவிட்டது. அந்த வெளுப்பை மட்டும் மறக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
எனக்குக் காலில். 26 ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றதில் கெண்டைக்கால் நரம்பு புழுப்போலச் சுருண்டிருந்தது (நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் சிரை). குளிக்கும்போது சொறிந்த இடம் திறந்து, குளியலறைத் தரை முழுவதும் சிவந்துவிட்டது. நின்றபடியே துணியைச் சுற்றினேன், இரத்தம் நிற்கவில்லை. இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிரையின் வால்வுகள் தளர்ந்திருந்ததால், நிற்க நிற்க அழுத்தம் முழுவதும் அந்த இடத்தில்தான் இறங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா என்னைப் படுக்கவைத்து, காலைக் கவிழ்த்த வாளிமேல் தூக்கிவைத்து, துண்டை மடித்து அழுத்திய பிறகே நின்றது.

மூத்த மகன்:
தறிக்கார அண்ணா, நீங்கள் பிழைத்தது நிம்மதி. ஆனால் வலியின்றி இரத்தம் வந்தால் உள்மூலம்தான் என்று இதைப் படிப்பவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. என் அப்பாவுக்கும் மூலம் என்றே பதினொரு மாதம் களிம்பு கொடுத்தார்கள். ஒருவரும் விரலால் சோதிக்கவில்லை. அது மலக்குடல் புற்றுநோய். கத்தியால் கீறுவது போன்ற வலி இருந்தால் பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பாக இருக்கும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு மலக்குடலில் சிரைகள் புடைத்து மூலம் போலவே தோன்றும். மூலமென்று எண்ணி அதை அறுத்தால் இரத்தத்தைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். 45 வயதைக் கடந்தவர்கள், மலம் போகும் வழக்கம் மாறியவர்கள், காரணமின்றி எடை குறைந்தவர்கள் ஆகியோர், மூலம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

தறிக்காரர்:
எனக்கு வயது 51, தம்பி. வளையம் போட்டதோடு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனையைச் செய்யவில்லை. திங்கட்கிழமை விடுப்புக்குச் சொல்லிவிட்டேன்.